ரோட்டோரம் நின்ற கல்பனா

கமலவேணி முதன்முதலாக ஒரு ஆளைச் சாகடித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. செத்தது டிவி தொடரில் வந்த ஒரு நாத்தனார். அந்த அம்மாள் மேல் கமலவேணிக்குத் தனிப்பட்ட பகை ஒன்றும் கிடையாது. கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான்.

பாடாலூரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் அவள் ஊர். சுற்றிலும் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும். அவள் அம்மா லீலாவதி, அய்யாக்கண்ணுவின் வெங்காயப் பட்டறைக்கு வேலைக்குப் போவாள். பட்டறை என்றதும் இரும்பு அடிக்கிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். குச்சி நட்டு, தட்டி கட்டி, மேலே கீற்றுப் போட்டு, வெங்காயத்தைக் காற்றாடக் குவித்து வைக்கிற நீளமான கொட்டகை அது. பக்கத்து வேப்பமரத்து நிழலில் பெண்கள் வரிசையாக அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து, காய்ந்த தாளையும் வேரையும் அறுத்துத் தள்ளுவார்கள். வேலையெல்லாம் கைக்குத்தான். காது காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மாவே கிடக்கும்.

அந்தக் காதுகளுக்குத் தீனி போடுவதுதான் மே மாத லீவில் கமலவேணியின் உத்தியோகம். பக்கத்து வீட்டில் மத்தியானத் தொடர் பார்ப்பாள். முடிந்த கையோடு தூக்குவாளியில் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடுவாள். வாளி கீழே வைக்கப்படும் முன்னாலேயே கதையை ஆரம்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வசவு விழும். டிவியில் அரை மணி நேரம் வந்தது அவள் வாயில் ஒரு மணி நேரம் ஓடும். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். தெருவில் சண்டை நடந்தால் கடைசி வார்த்தை வரை நின்று கேட்பாள். பாதியில் யாராவது வீட்டுக்கு இழுத்துப் போனால், மீதி தெரியாமல் போய்விட்டதே என்று அழுவாள்.

தொடரின் கதை இதுதான். மெட்ராஸில் ஒரு பங்களா வீட்டு மருமகள் கல்பனா. அவளைப் படாத பாடு படுத்துகிற நாத்தனார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிற புருஷன்.

கரண்ட் போன அன்று கமலவேணி கதை இல்லாமல் சோற்று வாளியோடு மட்டும்தான் போனாள். கரண்ட் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தாள். ஆனால் மரத்தடிக்குப் போனதும் அத்தனை முகங்களும் நிமிர்ந்தன. முன்வரிசையில் சிந்தாமணி. லீலாவதியின் கூட்டாளி, கதை என்றால் மற்றவர்களை மூச்சுவிடக்கூட விடமாட்டாள்.

“என்னடி, அந்தப் பாவி இன்னிக்கி என்ன பண்ணுனா?”

“செத்துட்டா அத்தை.”

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று கமலவேணிக்கே தெரியாது.

“எப்புடிடி?”

“லாரி அடிச்சி.”

“எங்க?”

“பாடாலூர்ல.” அவளுக்குத் தெரிந்த பெரிய ரோடு அது ஒன்றுதான்.

மெட்ராஸ் பங்களாக்காரி பாடாலூருக்கு எதற்கு வந்தாள் என்று ஒருத்தி கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. “சிமிட்டி லாரியாத்தான் இருக்கும், அவனுவதான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவானுவ” என்று சிந்தாமணியே லாரியையும் கொடுத்து உதவினாள். அன்று வெங்காயம் ஒரு மூட்டை கூடுதலாக அறுபட்டது. சத்தம் போட வந்த அய்யாக்கண்ணு, கோணி ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே சாக்கு தைக்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கரண்ட் வந்தது. டிவியில் அந்த நாத்தனார் கழுத்து நிறைய நகையோடு உயிரோடு நடந்து வந்தாள். செத்தவளைத் திரும்ப எழுப்ப அவளுக்கு வழி தெரியவில்லை. ஆகவே டிவி ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போனாள். கல்பனா ஒரு தகரப்பெட்டியோடு பங்களாவை விட்டுக் கிளம்பினாள். பஸ் ஏறினாள். பாடாலூரில் இறங்கி, வெங்காயப் பட்டறைக்கே வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

“அருவாமணையில குந்தத் தெரியுமாடி அவளுக்கு?” என்றாள் சிந்தாமணி கவலையோடு.

“மொத நாளே கைய அறுத்துக்கிட்டா அத்தை.”

எல்லோரும் “ச்சூ” கொட்டினார்கள்.

குட்டு உடைந்தது சிந்தாமணிக்குப் பல்வலி வந்ததால். பெரம்பலூர் டவுனுக்குப் பல் பிடுங்கப் போனவள், காத்திருந்த இடத்தில் டிவியைப் பார்த்துவிட்டாள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றாள்.

“செத்தவ உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காடி!”

லீலாவதிக்கு அவமானம் பொறுக்கவில்லை. “இத்தன நாளும் பொய்யாடி சொல்லிக்கிட்டு இருந்த?” என்று கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். கமலவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. சிந்தாமணி குறுக்கே கையை நீட்டியிருந்தாள்.

“அடிக்காத லீலா. டிவியில அந்தக் கல்பனா இன்னும் அடுப்படியில நின்னு மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கா. நம்ம கல்பனா ஒரு வேல கத்துக்கிட்டாள்ல? எனக்கு இவதான் வேணும்.” பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். “நீ சொல்லுடி. அப்பறம் என்னா ஆச்சி?”

கமலவேணி எழுத்தாளர் ஆன நாள் எது என்று யாராவது கேட்டால், நான் அந்த நாளைத்தான் சொல்லுவேன்.

லீவு முடிகிற அன்று கதையில் ஒரு பெரிய இடம் வந்தது. புருஷன் கல்பனாவைத் தேடி வந்துவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். இந்தப் பக்கம் கல்பனா, தலையில் வெங்காயக் கூடையோடு. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் தாண்டிப் போனாளா, போகவில்லையா? “நாளைக்கிச் சொல்றேன் அத்தை” என்றாள் கமலவேணி. மறுநாள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

பள்ளிக்கூடம் ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லியிருக்கலாமே? உண்மை என்னவென்றால் அவளுக்கே தெரியவில்லை. அப்படி வந்து நிற்கிற புருஷனிடம் ஒரு பெண் போவாளா, மாட்டாளா என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இஷ்டத்துக்கு எதையாவது சொல்லிவிடவும் மனசு வரவில்லை. நாத்தனாரை ஒரு நொடியில் சாகடித்தவளுக்குக் கல்பனாவை ஒரு ரோடு தாண்ட வைக்க முடியவில்லை.

சிந்தாமணி விடுகிற ஆளா? பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் கேட்பாள், ரேஷன் கடை வரிசையில் கேட்பாள். “கூடையோட நிக்கிறாடி அவ. கழுத்து வலிக்காது?” கமலவேணியின் கல்யாணத்தில் மேடையேறி மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு, மணப்பெண்ணின் காதில் குனிந்து கேட்டாள்: “தாண்டுனாளா இல்லயாடி?”

பக்கத்தில் மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளை ராஜாவுக்கு அது கேட்டுவிட்டது. “யாரு? எத தாண்டுனா?” என்று அவன் விசாரிக்க, மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவனுக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அவனும் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

ராஜாவுக்குப் பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாகப் பஞ்சர் கடை. கமலவேணி எதிர்ப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டாள். மனு அடித்துக் கொடுப்பாள், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கிவிடும். நாலு மணி வரை கதை எழுதுகிற நேரம். ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே புதிதாக வருகிறவர்களிடம், “அந்தம்மா எழுதிக்கிட்டு இருக்கும், நாலு மணிக்கு மேல வாங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் சில வருடம் திரும்பி வந்துகொண்டே இருந்தன. பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் ஒன்று வந்தது. ராஜா அந்த வாரம் பேப்பர் கடையில் இருந்த பிரதி அத்தனையும் வாங்கி, டயர் மாற்ற வந்த லாரிக்காரர்கள் கையில் எல்லாம் திணித்தான். “என் வூட்டுக்காரி எழுதுனது சார், படிச்சிட்டுப் போங்க.” ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டியை விட்டுவிட்டு அவர்கள் எங்கே ஓடுவார்கள், படித்தார்கள். அப்புறம் திருச்சியில் ஒரு சின்னப் பதிப்பகம் அவளுடைய இரண்டு கதைத் தொகுதிகளைப் போட்டது. பெரிய பேரும் புகழும் வந்துவிடவில்லை. ஆனால் தினமும் இரண்டு மணி ஆனதும் அந்த நாற்காலியில் உட்காருகிறபோது அவளுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

நாவல் ஒன்று கொடுங்கள் என்று பதிப்பகத்தார் கேட்டபோது எதை எழுதுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. கல்பனாவைத்தான் எழுதினாள். எல்லாம் எழுதினாள், கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. கல்பனா தாண்டி ஓடிப் புருஷன் தோளில் சாய்வதாக ஒரு தடவை எழுதினாள். படித்துப் பார்த்தால் டிவி மாதிரியே இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பஸ் ஏறிப் போவதாக இன்னொரு தடவை எழுதினாள். அது யாரிடமோ வீராப்புக் காட்டுவதற்காக எழுதியது போல் இருந்தது. இரண்டையும் அழித்தாள். இதற்குள் ரோடும் நாலு வழியாகி, நடுவில் தடுப்பு வந்துவிட்டது. சிந்தாமணிக்குக் கோபமான கோபம். “அப்பவே தாண்டியிருந்தா சுளுவா போயிருக்கும். இனிமே எங்குட்டுப் போயி தாண்டுறது?”

போன ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழை. மூன்று மணி. கமலவேணி பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ராஜா டீ எடுத்துக்கொண்டு வந்தான். அவள் எழுதுகிற நேரத்தில் எழுந்திருக்கக்கூடாது என்று வருடக்கணக்காக அவன்தான் டீ கொண்டுவந்து வைப்பான். தலையில் ஒரு சாக்கு, கையில் தூக்கு. லாரிகள் விடவே இல்லை. பாதி ரோடு வந்து, தடுப்பில் விட்டிருக்கும் சந்தில் நனைந்துகொண்டே நின்றான். ஒரு காலை எடுத்து வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தான்.

கமலவேணி பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடம் கல்பனாவையே பார்த்துக்கொண்டிருந்தோமே, ஒரு தடவையாவது அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தோமா என்று தோன்றியது.

ராஜா வந்து டீயை வைத்தான். “ஆறிடுச்சி, வேற வாங்கியாரவா?”

“வேணாங்க. செத்த நேரம் பேசாம நில்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தாள். அந்த மனுஷன் ஈரத் துணியோடு நிஜமாகவே பேசாமல் நின்றான்.

கடைசி அத்தியாயம் முடிந்தது. ஆனால் அவள் பதிப்பகத்துக்கு அனுப்பவில்லை. சிந்தாமணி கேட்க வேண்டும் முதலில். அவள் “சீ, இதுக்கா இம்புட்டு நாளு” என்று சொல்லிவிட்டால் நாவலே கிடையாது என்று முடிவு செய்துகொண்டாள். ஊரைக்கூட்டிக் கேட்க வேண்டாம், அவள் ஒருத்தி போதும். பட்டறையில் தாள் அறுக்கிற நாள் வரட்டும் என்று காத்திருந்தாள். அதுவரை பயத்தில் அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இந்த மே மாதம் போனாள். அதே வேப்பமரம். அய்யாக்கண்ணு கிழவராகிவிட்டார், ஆனாலும் கையில் கோணி ஊசி இருந்தது. முட்டிவலியால் வேலையை விட்ட லீலாவதி, மகளுக்குத் துணையாக வந்து ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். சிந்தாமணி தலை முழுக்க நரைத்து, முன்வரிசையிலேயே இருந்தாள். மற்றதெல்லாம் புதுமுகம். அதில் மஞ்சு என்ற இளவட்டப் பெண் இவளை உற்றுப் பார்த்தாள்.

“நீங்கதானா அது? கல்பனா கத அக்கா?”

“உனக்கு எப்புடித் தெரியும்?”

“சிந்தாமணி அத்தை சொல்லும். யாரு புதுசா அறுக்க வந்தாலும் மொதல்லேருந்து சொல்லும். ரோட்டோரம் வந்ததும் நிறுத்திப்புடும். ‘மீதி அவகிட்டதான் இருக்கு, அவ வந்து சொல்லுவா’ன்னு. நாங்க கெஞ்சிப் பாத்தும் வாயத் தொறக்கலக்கா.”

கமலவேணி திரும்பினாள். சிந்தாமணியைப் பார்த்தாள். சிந்தாமணி ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு, “பாத்துக்கிட்டே நிக்காத. சொல்லு” என்றாள்.

பிரிண்ட் எடுத்து வந்திருந்த தாள்களைக் கமலவேணி மடித்துப் பைக்குள் வைத்தாள். கீழே உட்கார்ந்து வாயாலேயே சொன்னாள்.

“கல்பனா தாண்டல அத்தை. தேடி வந்தது அவன்தான? அவன் தாண்டட்டும்னு கூடையோட நின்னா. அவனுக்கு ரோடு தாண்டிப் பழக்கமில்ல, கார்லயே போயி வந்தவன். கால எடுத்து வக்கிறான், லாரி வருது. பின்னாடி போறான். நாழியாவுது. இவளுக்கு வேல கெடக்குல்ல? திரும்பி நடந்து பட்டறைக்கு வந்து, குந்தி அறுக்க ஆரம்பிச்சிட்டா. ரொம்ப நேரங்கழிச்சி, செருப்பு அந்து போயி, வேர்த்து விறுவிறுத்து அவன் வந்து நின்னான். வாயத் தொறக்க வந்தான். இவ நிமிரல. பக்கத்துல கெடந்த அருவாமணைய அவன் பக்கம் தள்ளி வச்சா. ‘உக்காருங்க. இந்த மூட்ட முடியட்டும், அப்பறம் பேசலாம்’னா. அவன் உக்காந்தான்.”

எல்லோருடைய கையும் நின்றுவிட்டிருந்தது. அய்யாக்கண்ணு அதட்ட வேண்டும், அதட்டவில்லை. அவருடைய ஊசியும் சாக்கில் பாதி குத்தியபடியே நின்றது. லீலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கமலவேணி சிந்தாமணியின் வாயையே பார்த்தாள்.

சிந்தாமணி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் நின்றது.

“நானும் இப்புடித்தான்டி நெனச்சி வச்சிருந்தேன். அவன்தான் வரணும்னு.”

“அப்பறம் ஏன் அத்தை இவங்களுக்குச் சொல்லாம வச்சிருந்தீங்க?”

“அது எப்புடிடி? நான் சொன்னா பொய்யில்ல?” என்று சொல்லிவிட்டு, சிந்தாமணி அடுத்த குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.