இரத்தம் கேட்டவருக்கு ஆமென் போட்டேன்

மானிப்பாயில் எங்கள் சபைக்கு ஒரு வட்ஸ்அப் ஜெபக்குழு உண்டு. காலைத் தியானத்துக்கு நான் வேதாகமத்தைப் போனிலேயே திறப்பேன். இரண்டு வசனம் போவதற்குள் குழுவின் செய்திகள் மேலே வந்து விழும். வாசித்தும் வாசிக்காமலும் எல்லாவற்றுக்கும் "ஆமென்" போட்டுவிட்டு வசனத்துக்குத் திரும்புவேன். பக்தியில் அவ்வளவு வேகம்.

சென்ற மாதம் ஒரு காலை அப்படிப் போட்ட சற்று நேரத்தில் மனைவி தன் போனோடு வந்தாள்.

"என்னப்பா இது? செல்வராணி அக்கா தன்ரை மனுசனுக்கு ஒப்பரேசன், ஓ நெகட்டிவ் ரத்தம் உடனை வேணுமெண்டு கேட்டிருக்கிறா. நீங்கள் ஆமென் போட்டிருக்கிறியள். உங்கடை ரத்தமும் அதுதானே!"

"நான் ஜெபத்திலை இருந்தனான்..."

"ரத்தத்தைக் குடுத்திட்டு வந்து மிச்சத்தை ஜெபியுங்கோ!"

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்கடை ரத்தமும் அதெண்டு எனக்குத் தெரியும். குழுவிலை உங்கடை ஆமெனைக் கண்டவுடனை, ஆள் வருகுது எண்டு டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். வேறை ஒருத்தரையும் தேடேல்லை."

நேரே உள்ளே போய் இரத்தம் கொடுத்தேன். நல்லவேளையாக அவர் கணவர் பிழைத்துக்கொண்டார்.

இப்போது தியானத்துக்கு அச்சிட்ட வேதாகமம்தான். அது முடியும்வரை போன் அடுத்த அறையில் இருக்கும். பிறகு ஒவ்வொரு செய்தியையும் கடைசி வரி வரை வாசிக்கிறேன். என்னால் செய்யக்கூடியது ஏதும் இருந்தால், அதைச் செய்த பிறகே ஆமென். எனக்குப் பக்தி குறைந்துவிட்டதாகக் குழுவில் சிலர் கவலைப்படுகிறார்களாம். கவலைப்படட்டும், நான் மாறுவதாக இல்லை.