அப்பா அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

இன்னைக்கு நீடாமங்கலம் கடைத்தெருவுல ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். அப்பாவுக்காக.

அப்பாவுக்கு மறதி நோய் வந்து ரெண்டு வருஷமாச்சு. என் பேரு மறந்துடுச்சு. அம்மா செத்துப்போனது மறந்துடுச்சு. வயலுக்குத் தண்ணி வைக்கிறது மட்டும் மறக்கலை.

காலையில பக்கத்து வயல் ராஜாங்கம் அண்ணன் போன் பண்ணார். "தம்பி, உங்கப்பா என் வயல்ல மடையைத் திறந்து விட்டுட்டாரு."

அறுப்புக்காகத் தண்ணியை வடிச்சுக் காயவிட்ட வயல். நாளைக்கு மெஷின் வர வேண்டியது. ஓடிப்போய்ப் பார்த்தா, முத்தின கதிரெல்லாம் தண்ணியில சாய்ஞ்சு கிடக்குது. பழுத்த நெல்லைக் காய்ஞ்ச பயிருன்னு நினைச்சிருக்கார் அப்பா.

மண்வெட்டியோட வரப்புல நின்னு என்னைத் திட்டினார். "பயிர் காயுது, பார்த்துட்டு நிக்கிறீங்களே!"

ராஜாங்கம் அண்ணன் சத்தம்கூடப் போடலை. "வீட்டுலயே பூட்டி வச்சுக்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார். அதுக்குப் பதிலா என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

சாயங்காலம் அப்பா அறைக் கதவுல, வெளிப்பக்கமா, தாழ்ப்பாளை முடுக்கிட்டு இருந்தேன். அப்பா பக்கத்துலயே நின்னு பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"திருடன் வராம இருக்க."

கதவோட உள்பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அப்படின்னா உள்பக்கம்தானே சார் போடணும்?"

என்ன பதில் சொல்றதுன்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. இன்னும் ரெண்டு ஸ்க்ரூ பாக்கி இருக்கு.