போர்மேன் வீட்டு வாசல்

தாயில்பட்டியில் பொன்மணி வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் முந்தியை உதறிக் காட்ட வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் இல்லையென்று அவள் வீட்டுக்காரர் முத்துக்கருப்பனுக்குத் திருப்தியானால்தான் வழி விடுவார். பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் போர்மேனாக இருந்தவர். காலையில் கேட்டில் நின்று ஆள் ஆளாகச் சோதித்து உள்ளே அனுப்புவது அவர் பொறுப்பு. அவர் காலத்தில் அந்தக் கம்பெனியில் ஒரு விபத்து கிடையாது. அந்தக் கேட்டை மட்டும் அவர் இன்னும் மறக்கவில்லை. மற்றதெல்லாம் மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது, கட்டிய பெண்டாட்டியின் முகம் உட்பட.

அடுத்த வீட்டுப் பஞ்சம்மாள் ஒருநாள் கருவாட்டுக் குழம்போடு வந்தாள். முத்துக்கருப்பன் வாசலை மறித்துக்கொண்டு, "முந்திய உதறிக் காட்டுத்தா. கொண்டையையும் அவுத்துக் காட்டு" என்றார். பொன்மணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "இது வீடுங்க, கம்பெனி இல்ல!" என்று கத்தினாள். அவர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார். "நான் என்ன களவாணியா?" என்று பஞ்சம்மாள் குழம்போடு திரும்பிப் போனவள்தான், அதன்பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத் தெருவும் வருவதை நிறுத்திக்கொண்டது. தெருவுக்கு ஒரு சாக்கு போதாதா?

மகள் சினேகா திருப்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, "அப்பா சாப்பிட்டாகளா?" என்று கேட்பாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டுமென்று அந்த நல்ல பிள்ளைக்குத் தோன்றியதே இல்லை. பட்டாசு பேக்கிங் ரூமில் பத்துப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கை ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் என்று வேலை பார்த்தவள் பொன்மணி. இவருக்காக அந்த வேலையை விட்டாள். கூலி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், பேச்சு போனதைத்தான் தாங்க முடியவில்லை. உலை கொதிக்கும்போது பானையிடம், "பொறு, என்ன அவசரம் ஒனக்கு?" என்று சொல்லிவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டிருக்கிறாள்.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்து, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு இவருடைய வாசல் சோதனை நிற்க வேண்டும்.

அதனால்தான் கிராமத்து நர்ஸ் அருணாதேவி சொன்னதும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "சூலக்கரையில மறதி நோய்க்காரகளப் பாத்துக்கிடறவுகளுக்கு ஒரு நாள் பயிற்சிக்கா. மதுரையில இருந்து டாக்டரம்மா பேச வாராக. அண்ணனையும் கூட்டியாங்க, அங்கன பாத்துக்கிட ஆளு இருக்கு."

ரெண்டு பஸ் மாறிப் போனார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் எழுந்திருக்க, அவள் பிடித்து உட்கார வைக்க, விருதுநகர் தாண்டுவதற்குள் அவள் தோள்பட்டை கழன்றுவிட்டது. பயிற்சி நடக்கிற மண்டபத்துக்கு வந்ததும் அவள் பயந்தது அப்படியே நடந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மனுஷன் வாசலில் நின்றுகொண்டார். முதலில் வந்தது சிறப்புப் பேச்சாளர் டாக்டர் வேல்விழியேதான்.

"செல்போனு இருந்தா இங்கன குடுத்துட்டுப் போங்கம்மா. உள்ள பொம்பளைக வேல செய்றாக."

பொன்மணிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. டாக்டரோ போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பையைத் திறந்து காட்டினார். "வேற ஒண்ணும் இல்லைங்கய்யா. போகலாமா?" முத்துக்கருப்பன் பையை ஒழுங்காகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அப்போது அவர் சிரித்தார். பொன்மணி அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். யாரோ ஒரு டாக்டருக்குக் கிடைக்கிறது, தனக்குக் கிடைக்கவில்லை என்று வயிறு எரிந்தது.

பேச்சு முடிந்து கேள்வி கேட்கச் சொன்னபோது அவள்தான் முதலில் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு பட்டாசுக் கம்பெனி போர்மேனு, இது கம்பெனி இல்லன்னு மூணு வருஷமா சொல்றேன். அவுக வாசல்ல நிக்கிறத எப்படிம்மா நிறுத்துறது?"

"நிறுத்த முடியாதும்மா" என்றார் டாக்டர். "இது கம்பெனி இல்லைன்னு மூணு வருஷமா சொல்றீங்க. ஒரு தடவையாவது ஒத்துக்கிட்டாரா? நீங்க வேலைக்கு வந்த ஆளா நின்னு, கேட்கிறதுக்குப் பதில் சொல்லிப் பாருங்க."

பொன்மணி உட்கார்ந்தாள். கோபம் கோபமாக வந்தது. முப்பத்தைந்து வருஷம் பெண்டாட்டியாக இருந்தவளை இன்றைக்குக் கூலியாளாக நிற்கச் சொல்கிறது இந்தம்மா. பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடும். வாசலில் நிற்கப்போவது யார்?

மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண், மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவளாம், "நீங்க சாப்பிடுங்கக்கா, அண்ணன நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பொன்மணி அவள் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள். இருவரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். பிறகு அவரவர் பஸ் வந்தது.

தாயில்பட்டிக்கு வந்து சேர வெயில் இறங்கிவிட்டது. பொன்மணி பூட்டைத் திறந்தாள். முத்துக்கருப்பன் முதலில் உள்ளே ஏறி, திரும்பி, வாசலை மறித்து நின்றார். 'இது நம்ம வீடுங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். முந்தியை உதறிக் காட்டினாள். கொண்டையை அவிழ்த்தாள். போனை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கத்தவில்லை. முகம் சாந்தமாக இருந்தது. டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. நாளைக்கே பஞ்சம்மாளிடம் போய்ச் சொல்லலாம், இப்படி நின்றால் போதும், ஒன்றும் செய்ய மாட்டார், ஒரு வாய் காப்பிக்கு வா என்று கூப்பிடலாம்.

"புதுசாத்தா நீயி?"

"ஆமாங்கய்யா."

"மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. வீட்டுல என்ன?"

இப்படி ஒருவர் தன்னைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "வீட்டுக்காரருக்கு மேலுக்குச் சொகமில்லங்கய்யா. எல்லாம் மறந்து போச்சு. என்னையவும் தெரியல. பாத்துக்கிட என்னைய விட்டா ஆளில்ல."

முத்துக்கருப்பன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

"அப்ப நீ உள்ள வரக் கூடாதுத்தா. மனச வீட்டுல வச்சிக்கிட்டு வெடிமருந்துகிட்ட ஒக்காந்தா கை தப்பிரும். ஒன்னால பத்து உசுரு போயிரும். போ, போயி அந்த ஆளப் பாரு."

"ஐயா..."

"பயப்படாத. ஒன் எடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன். அவரு தேறுன பெறகு வா."

போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பொன்மணி, "சரிங்கய்யா" என்றாள். அவிழ்ந்த கூந்தலோடு தெருவில் நின்று அழுதாள்.