டிஷ் தணிகாசலத்தின் நாற்பது பக்க நோட்டு

ஆரணியில் தணிகாசலம் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். டிஷ் தணிகாசலம் என்று விசாரித்தால் ஒரே ஆள்தான். தொண்ணூற்று மூன்றில் கேபிள் டிவி வந்த புதிதில், பன்னிரண்டு அடி டிஷ்ஷை மொட்டை மாடிக்கு ஏற்றி வானத்துக்குக் காட்டி வைத்தவன் அவன். அந்தப் பெயரை யாராவது பாதியாகச் சொன்னால்கூட முகம் சுருங்கிவிடும்.

அப்போது தமிழ்ச் சேனல் வந்துகொண்டிருந்த செயற்கைக்கோள் வயசாகிப்போன ஒன்று. எரிபொருள் வற்றி, ஓரிடத்தில் நிற்க முடியாமல் நாள் முழுக்க மேலும் கீழும் ஆடும். காலையில் பளிச்சென்று இருந்த படம் மதியம் புள்ளி புள்ளியாகிவிடும். முள்ளிப்பட்டில் தறியில் உட்கார்ந்தபடியே நாடகம் கேட்கும் பெண்கள் தணிகாசலத்தின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். மற்ற ஊர்களில் படம் போனதும் மாடிக்கு ஓடி, டிஷ்ஷை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடுவார்கள். தணிகாசலம் தேடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த நேரத்துக்கு டிஷ் எவ்வளவு சாய வேண்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தான்.

ஒரே மாதத்தில் குட்டு உடைந்தது. அந்தக் கழுதை இன்றைக்கு ஆடிய ஆட்டத்தையேதான் நாளைக்கும் ஆடுகிறது. ஆனால் நாலு நிமிஷம் முந்தி ஆடுகிறது. அவ்வளவுதான் விஷயம்! அதற்கப்புறம் படம் போவதற்கு முன்பே டிஷ்ஷைச் சாய்க்கிற ராடைத் திருப்பிவிடுவான். மழை கொட்டி சிக்னல் சுத்தமாக ஒழிந்தாலும், நோட்டு சொல்கிற இடத்தில் டிஷ்ஷை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். மழை விட்டதும் படம் தானாக வந்து நிற்கும். அந்த நோட்டை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்தான். ஹேமநாத். மூன்று மாதம் இளையவன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தணிகாசலம் நூறு வாங்கினால் ஹேமநாத் எண்பது வாங்குவான். ஆனால் சித்தப்பாவுக்குப் பட்டுக் கடை, இவன் அப்பாவுக்குக் கூலித்தறி. எண்பது இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்குப் போனது, நூறு ஐ.டி.ஐ.க்குப் போனது. அன்றைக்குப் பற்றிய வயிறு இன்னும் அணையவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் ஹேமநாத் ஒரு வெள்ளை வேனோடு ஊருக்கு வந்து இறங்கினான். கூரைமேல் பலகை மாதிரி தட்டையாக ஏதோ ஒன்று. ஓடுகிற வண்டியிலேயே செயற்கைக்கோளைப் பிடிக்கிற ஆன்டெனாவாம். சோதனை ஓட்டத்துக்குச் சொந்த ஊர்ச் சாலையே போதும் என்று கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இதுல எதுவுமே திரும்பாதுணா," என்று தணிகாசலத்தின் தோளில் கை போட்டு விளக்கினான். "உள்ள இருநூறு குட்டி ஆன்டெனா இருக்குது. ஒவ்வொண்ணுல வர்ற சிக்னலையும் துளித்துளியா தாமதப்படுத்திக் கூட்டினா, நமக்கு வேணும்ங்கிற திசை மட்டும் பலமா கேக்கும். வண்டி திரும்பத் திரும்ப அந்தத் தாமதத்தைக் கம்ப்யூட்டரே மாத்திகினு வரும்."

"அப்போ ராடு?"

"ராடு ஏதுணா!" என்று ஹேமநாத் சிரித்தான்.

தணிகாசலத்தின் காதில் புகை வராத குறைதான். வீட்டுக்கு வந்தால் அங்கே அதற்கு மேல். மனைவி ஜெயப்ரியா வடை சுட்டுக்கொண்டிருந்தாள், யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

"உங்க தம்பிக்கு இன்னா மூளைங்க!" என்றாள்.

ஒரு வடையை எடுத்துக் கடித்து, "உப்பே இல்ல," என்று தட்டில் போட்டுவிட்டுப் போனான் மனுஷன்.

மறுநாள் ஹேமநாத் இவனையும் வேனில் ஏற்றிக்கொண்டான். ஊருக்குள் எத்தனை வளைவு திரும்பினாலும் திரையில் படம் அசையாமல் நின்றது. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சேத்துப்பட்டுச் சாலையில் புளியமரங்கள் அடர்ந்த இடம் வந்தது. படம் போயிற்று. மரங்கள் முடிந்து வெளியே வந்த பிறகும் திரை கறுப்பாகவே இருந்தது. கொடுமை என்னவென்றால், சிக்னல் மீட்டர் மட்டும் முழுசாக ஏறி நின்றது.

தணிகாசலத்துக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மரம் மறைத்ததும் இந்தப் பெட்டி பயந்துபோய் வானம் முழுக்கத் தேடுகிறது. முதலில் பலமாக அகப்பட்ட பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டு, அதையே தன்னுடையது என்று நம்பி நிற்கிறது. அடடா, அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தோஷம்! வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் மூன்று தோசை கூடச் சாப்பிட்டான்.

நாலு நாள் இதே கதைதான். ஹேமநாத் தாடியோடு அலைந்தான். "சனிக்கிழமை மேனேஜர் வராராம். ஆகலன்னா இத்தையே இழுத்து மூடிடுவாங்களாம். பாவங்க உங்க தம்பி," என்றாள் ஜெயப்ரியா. தணிகாசலம் பீரோவைத் திறந்து, நோட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டினான். ஹேமநாத்திடம் இல்லாத ஒரே பொருள் உலகத்தில் அதுதான். அதை எதற்குக் கொடுக்க வேண்டும்?

சனிக்கிழமை மேனேஜர் வேணுகோபால் வந்தார். தணிகாசலமும் வேனில் ஏறிக்கொண்டான், வேடிக்கை பார்க்கத்தான். புளியமரம் வந்தது, படம் போயிற்று. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். ஹேமநாத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"மரம் சார். இதை எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது சார்," என்றான்.

எவனாலும் முடியாதா? தணிகாசலத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

"எவனாலயும்னா இன்னாடா அர்த்தம்?" என்று எகிறினான். "மழையில நான் எத்தினி வாட்டி செஞ்சிருக்கேன்! சிக்னல் போன ஒடனே பேய் மாதிரி அலையுது உன் மெஷினு. பலமா கெடச்சதெல்லாம் நம்மளுதா? மரம் மறைச்சா சாட்டிலைட் ஓடியா போச்சு? அது இருக்கிற எடத்துலதான் இருக்குது. வண்டி எவ்ளோ திரும்புச்சோ அவ்ளோ மட்டும் கணக்கைத் திருப்பிகினு, தேடாம சும்மா இருக்கச் சொல்லு. மரம் விட்டா தானா வரும். இது தெரியாம இன்ஜினியராம், இன்ஜினியர்!"

மேனேஜர் முன்னால் அவன் முகம் செத்துப்போக வேண்டும் என்றுதான் சொன்னான். முகம் சாகவில்லை. ஹேமநாத் அதற்குள் லேப்டாப்பைத் திறந்திருந்தான்.

"எவ்ளோ நேரம்ணா சும்மா இருக்கலாம்?"

"மரம் முடியிற வரைக்கும்டா," என்று சொன்ன பிறகுதான் தணிகாசலத்துக்கு உறைத்தது. போச்சு. பீரோவில் பூட்டி வைத்ததை நடுரோட்டில் வாரிக் கொடுத்தாயிற்று.

டீக்கடை நிழலில் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு ஹேமநாத் வேனைத் திருப்பச் சொன்னான். புளியமரம் வந்தது, திரை கறுத்தது. ஐந்து வினாடி, ஆறு வினாடி. வெயில் பட்டதும் படம் வந்து நின்றது. மேனேஜர் கையைத் தட்டினார்.

தணிகாசலம் காத்திருந்தான். இப்போது இவன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வான். சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும்! என் மூளையைத் திருடித் தின்னவன் என்று ஆயுசுக்கும் ஆரணி முழுக்கச் சொல்லித் திரியலாமே. சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டான்.

"சார், இது எனக்குத் தோணல," என்றான் ஹேமநாத். "எங்க அண்ணன் சொன்னது. பள்ளிக்கூடத்துலயே என்னைவிட அவருக்குத்தான் கணக்கு வரும். ரிப்போர்ட்ல அவர் பேரைத்தான் சார் மொதல்ல போடணும்."

மேனேஜர் எழுந்து வந்து தணிகாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை மரக்கட்டை மாதிரி ஆடியது.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டான். ஜெயப்ரியா பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னான்.

"நல்லதுதானங்க? அதுக்கு ஏன் கண்ணு கலங்குறீங்க?"

"படிப்பு அவனுக்குப் போச்சு, வேலை அவனுக்குப் போச்சு. சரி, தொலையட்டும்னு விட்டேன். இப்போ நல்ல மனசும் அவன்கிட்டதான் இருக்குதாடி?"

அவள் தட்டில் வடையை வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். ஒன்றை எடுத்து மெல்லமாகத் தின்றான்.

"உப்பு சரியா இருக்குதாங்க?"

"சரியாத்தான் இருக்குது," என்றான் தணிகாசலம். "அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு."