எடுக்கக் கூடாத அழைப்பு

காலை ஒன்பது பத்துக்கு என் கைபேசி ஒரே ஒரு முறை அடித்து ஓய்ந்துவிடும். நான் எடுக்க மாட்டேன். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, பின்னல் இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஒன்பது மணிக்கு ஃபெஸ்பர் என்று பதினைந்து நிமிட இடைவேளை விடுவார்கள். ரொட்டியும் காப்பியுமாக எல்லோரும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அந்த மேசையில் என் கைபேசி அடித்ததும் பத்துத் தலைகள் திரும்பும். நான் ரொட்டியை மென்றுகொண்டே இருப்பேன். அடித்து நின்ற பிறகு கைபேசியை எடுத்து அதே எண்ணைக் கூப்பிட்டு, ஒரு ரிங்கு போனதும் துண்டித்துவிட்டு மறுபடி ரொட்டியைக் கடிப்பேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஜெர்மானியர்களுக்குத்தான் நான் என்ன செய்கிறேன் என்பது விளங்கவில்லை.

எதிரே உட்காரும் ஊர்சுலா எங்கள் பிரிவுத் தலைவி, ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டாள். தினமும் கூப்பிடுவது யார்? என் அம்மா. ஏன் எடுப்பதில்லை? எடுக்கக் கூடாது. யார் சொன்னது? அம்மாதான். என் ஜெர்மன் அப்போது அதற்கு மேல் நீளவில்லை. மறுநாள் என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு மடித்த தாள் இருந்தது. குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைக்க நகராட்சி நடத்தும் இலவச ஆலோசனை மையத்தின் விளம்பரம். பெற்ற தாயோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டிருந்தாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அவமானம். ஆனாலும் அந்தத் தாளை எறிய மனம் வரவில்லை.

என் அம்மா திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறாள். எழுபதைத் தாண்டியும் மானாவாரி மிளகாயை விட்டபாடில்லை. காலையில் காட்டுக்குப் போய், வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு பொத்தான் போனில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடிப்பாள். ஒரு ரிங்கு போனதும் வைத்துவிடுவாள். அவளுக்கு அப்போது பகல் ஒன்று நாற்பது. ஒரு ரிங்கு என்றால் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று பொருள். நான் திருப்பி விடும் ஒரு ரிங்குக்கும் அதே பொருள். விட்டு விட்டு இரண்டு ரிங்கு வந்தால், பேச வேண்டும், கூப்பிடு என்று பொருள். நான் பேச விரும்பினாலும் அப்படித்தான். முதலில் இரண்டு ரிங்கு விட வேண்டும், மூன்றாவதாக அடிப்பதைத்தான் அவள் எடுப்பாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. திரையில் யார் பெயர் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். கூப்பிடுவது மகன் என்பதற்கு அந்த இரண்டு ரிங்குதான் அடையாளம். கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தபோது அவளுக்கு முதல் போன் வாங்கிக் கொடுத்த அன்றே இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான்.

சட்டம் போட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அப்பா இறந்தபோது எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஊருக்கே ஒரு எஸ்.டி.டி. பூத்துதான், அது காதர் அண்ணன் கடை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே அந்தக் கடை எண்ணைப் போட்டு ஓரத்தில் பி.பி. என்று அச்சடிப்பார்கள், கூப்பிட்டால் ஆளை அழைத்து வந்து பேசவைப்பார்கள் என்று பொருள். அப்பா மூச்சை நிறுத்திய மத்தியானம் காதர் அண்ணன் மில்லுக்கு அடித்திருக்கிறார். வாயிற்காவலர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, தன் முறை முடிந்ததும் தாளோடு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மதுரைக்கு ஒரு பஸ், அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்சுழிக்கு ஒரு பஸ். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அம்மா விஷயத்தில் இது நடக்கக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே கவலை.

இங்கே வந்து சேர்ந்தபோது, உலகத்துக்கே இயந்திரம் விற்கிற நாடு, எல்லாவற்றிலும் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். முதல் வாரமே என் விண்ணப்பத்தை ஃபாக்ஸில் அனுப்பச் சொன்னார்கள். வங்கியின் ரகசிய எண் தபாலில் வந்தது. இன்றைக்கும் எங்கள் தெரு ரொட்டிக் கடையில் சில்லறைக் காசு இல்லாமல் போனால் முறைக்கிறார்கள். காதர் அண்ணன் கடையைப் பாருங்கள். பூத்தாக இருந்தது, பிறகு ஜெராக்ஸ் வந்தது, பிறகு ரீசார்ஜ். இப்போது ஆதார் திருத்தமும் பட்டாவும் அங்கேதான். வாசலில் ஒரு பெட்டி, யார் பணம் அனுப்பினாலும் உரக்கச் சொல்கிறது. இதெல்லாம் என் தலைமுடி நரைப்பதற்குள் நடந்துவிட்டது. ஊர்சுலா வீட்டுச் சுவரில் அவள் பிறப்பதற்கு முன்பே தொலைபேசி இருந்ததாம், முப்பது வருடம் அதே சுவரில், அதே ஆணியில். எங்கள் வீட்டுச் சுவருக்குத் தொலைபேசி வரவே இல்லை, நேராக அம்மாவின் சுருக்குப்பைக்கு வந்துவிட்டது. இவர்கள் நின்ற பஸ்ஸில் வரிசையாக ஏறியவர்கள், நாங்கள் ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டவர்கள். இரண்டு பேரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

போன வருடம் மாசி மாதம். என் பழைய கைபேசி கை தவறி விழுந்து உடைந்துபோக, ஒரு சனிக்கிழமை புதிதாக ஒன்று வாங்கினேன். திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு மணி அடிக்கவில்லை. கரண்டு போயிருக்கும், சார்ஜ் இருந்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாயும் அடிக்கவில்லை. ஒன்பது இருபதுக்கு நான் கூப்பிட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கு முந்தைய தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த பெரிய போன், தொடுதிரை தேய்ந்துவிடும் என்று துண்டில் சுற்றி பீரோவுக்குள் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முகம் பார்த்துப் பேசும்போது மட்டும்தான் அதற்கு உயிர் வரும். அதையும் கூப்பிட்டுப் பார்த்தேன், இணைப்பில் இல்லை என்றது. புதன்கிழமை காலை வேலைக்குப் புறப்படும் முன் இரண்டு முறை அடித்தேன். பதில் இல்லை.

காதர் அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமையே அவர் எண்ணை எடுத்து வைத்துவிட்டேன். அழுத்த விரல் வரவில்லை. கூப்பிட்டால் செய்தி தெரிந்துவிடும் அல்லவா? தெரியாமல் இருக்கும் வரை அம்மா உயிரோடு இருக்கிறாள். ஐம்பது வயதை நெருங்கும் ஆள் இப்படி யோசிக்கலாமா என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று அப்படித்தான் இருந்தேன்.

புதன்கிழமை ஃபெஸ்பர் மேசையில் மணி ஒன்பது பத்தைத் தாண்டியது. ஊர்சுலா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று நாளாக அடிக்காததை அவளும் கவனித்திருக்கிறாள். "அம்மா எங்கே?" என்றாள். அவள் என் கைபேசியைச் சுட்டிக்காட்டி, "இப்போது நீ கூப்பிடு" என்றாள். காதர் அண்ணனை வீடியோவில் அழைத்தேன்.

"என்ன தம்பி, மொகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு?"

"அண்ணே, மூணு நாளா அம்மா ரிங்கு விடல. போன அடிச்சாலும் எடுக்கல. ஒரு எட்டுப் போய்ப் பாருங்கண்ணே."

"அக்காவ ஞாயித்துக்கெழம கடையில பாத்தேனே. இரு, இந்தா போறேன். போன மட்டும் வச்சிராத."

கைபேசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதித் திரைக்கு வானம், மீதிக்குச் சீமைக்கருவேல மரங்களின் தலை. கண்மாய்க் கரை ஏறும்போது படம் உறைந்து, இறங்கும்போது மறுபடி ஓடியது. அந்தக் கரை எனக்கு மனப்பாடம், மூன்று நிமிடத்தில் எங்கள் வாசல் வந்துவிடும். ஊர்சுலா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இடைவேளை முடிந்த மணி அடித்தது. அவள் மற்றவர்களை மட்டும் கையசைத்து அனுப்பினாள்.

வண்டி நின்றது. காதர் அண்ணன் கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். வாசல் வேம்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் பொத்தான் போன். அவரைக் கண்டதும் எழுந்த வேகத்தில் போன் கீழே விழுந்தது. அந்தக் காலத்தில் ஊரில் எந்த வீட்டுக்கும் சாவுச் செய்தியைக் கொண்டுபோனவர் அவர்தான், பூத்து அவரிடம்தானே இருந்தது. அவர் ஓட்டமாக வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"காதரு, எம் மகனுக்கு என்னய்யா ஆச்சு? மறைக்காமச் சொல்லு" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகலக்கா. இந்தா இருக்கான், பேசு."

என் முகத்தைத் திரையில் பார்த்தாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். பிறகுதான் ஆரம்பித்தாள். "ஏன்டா, மூணு நாளா ரிங்கு விடுறேன், திருப்பி விடத் தெரியாதா ஒனக்கு? ரெண்டு ரிங்காவும் விட்டுப் பாத்துட்டேன். ஒனக்கு என்னமோ ஏதோன்னு காட்டுப் பக்கமே போகலடா. அங்கிட்டுப் போனா டவரு கெடைக்காது. மொளகா பழுத்துக் கொட்டிப் போயிக் கெடக்கு."

"நான் எத்தன தடவ அடிச்சேன், நீ ஏம்மா எடுக்கல?"

"நீயா அடிச்ச? ரெண்டு ரிங்கு எங்க? மொட்டையா ஒரே மூச்சா அடிச்சா நான் எடுப்பனா? லோனு வேணுமாங்குறவன், ஓடிபி கேக்குறவன் எல்லாம் அப்படித்தான அடிக்கிறான். எடுக்காதக்கான்னு இந்தக் காதருதான் சொல்லி வச்சிருக்கான்." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "ஆத்தாடி, பெத்த மகனக் களவாணிப்பயன்னு நெனச்சுட்டனே" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். எனக்கும் அதே கதிதான்.

நான் போட்ட சட்டத்தை நானே மறந்திருக்கிறேன். பதற்றத்தில் இந்த ஊர்க்காரனைப் போல நேராக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் அவள் விட்ட ரிங்குகள் எங்கே போயின? ஊர்சுலா என் கைபேசியை வாங்கி அமைப்புகளைத் துழாவினாள். வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு முறை அடித்து வைத்துவிடுவது இங்கே பெரிய ஏமாற்று வேலையாம். திருப்பிக் கூப்பிடுகிறவர்களின் பணத்தைக் கறந்துவிடுவார்களாம். அதனால் புதுக் கைபேசி அப்படிப்பட்ட அழைப்புகளைச் சத்தமில்லாமல் தடுத்துவிடுகிறது. பதிந்து வைத்த எண்ணாக இருந்தால் விட்டிருக்கும். அம்மாவின் எண்ணை நான் பதிந்து வைத்ததே இல்லை. விரலுக்கே தெரிந்த எண்ணை எதற்குப் பதிவது? அங்கே அவள் என்னைத் திருடன் என்று நினைத்து எடுக்காமல் இருந்த அதே மூன்று நாளும், இங்கே என் கைபேசி அவளை மோசடிக்காரி என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

தடுக்கப்பட்ட அழைப்புகளின் பட்டியலை ஊர்சுலா திறந்து காட்டினாள். மேலே சிவப்பில் 'ஃபோர்சிஷ்ட், பெட்ரூக்' என்று இருந்தது. எச்சரிக்கை, மோசடி என்று அர்த்தம். அதன் கீழே வரிசையாக அம்மாவின் எண். திங்கள் ஒன்று. செவ்வாய் ஒன்று, பத்து நிமிடம் கழித்து இரண்டு. புதன் விடியற்காலையில் இருந்தே இரண்டு, இரண்டு, இரண்டு. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், கூப்பிடு, கூப்பிடு, கூப்பிடு, கூப்பிடு. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. அதை ஊர்சுலாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை என் ஜெர்மன் போதுமானதாக இருந்தது.

கேட்டுவிட்டு அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "நாங்களும் செய்திருக்கிறோம்" என்றாள். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவார்களாம். திரும்பி வந்ததும் அவள் அம்மா சுவரில் இருக்கும் தொலைபேசியில் இரண்டு ரிங்கு விட்டு வைத்துவிடுவாராம். அத்தை எடுக்க மாட்டாராம். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம் என்று பொருள். "எப்படி இதை மறந்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்த விளம்பரத் தாளுக்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். எதற்கு மன்னிப்பு? என் அம்மாவுக்காக என்னைவிட முன்னால் கவலைப்பட்ட ஒருத்தி இந்த ஊரில் இருந்திருக்கிறாள் என்பதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன். மூன்று நிமிடத்தில் என்னை என் வாசலில் கொண்டுபோய் நிறுத்திய காதர் அண்ணனுக்கும், அவர் சட்டைப் பையில் இருந்த அந்தக் கருவிக்கும் சேர்த்தே சொன்னேன். அப்பாவுக்குக் கிடைக்காத மூன்று நிமிடம் அது.

அன்றே எண்ணை 'அம்மா' என்று தமிழில் பதிந்துவிட்டேன். பெரிய போனிலேயே தினமும் முகம் பார்த்துப் பேசலாம், காசு கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "தெனமும் பேச என்னடா இருக்கு? நீ அங்கன இருக்கன்னு தெரிஞ்சாப் போதும், நான் பாட்டுக்கு மொளகா பறிப்பேன்" என்றுவிட்டாள். அந்தத் தடுப்புப் பட்டியலை மட்டும் நான் இன்னும் அழிக்கவில்லை. சிவப்பு எச்சரிக்கை இந்த ஊர் எழுத்தில், அதன் கீழே எண்கள் எங்கள் ஊர்ப் பாஷையில். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான் இருக்கிறேன். நாளைக்கும் ஒன்பது பத்துக்கு மணி ஒரு முறை அடிக்கும். ஊர்சுலா ஒரு விரலை உயர்த்திக் காட்டுவாள். நான் எடுக்க மாட்டேன்.