அந்த விளக்கத்தை எங்கே எழுதுவது

என் மனைவி வேலைக்காக ஜெர்மனி போன பிறகு, திருப்பதி வீட்டில் நான் மிகவும் ஏங்கியது அவளோடு போடும் சண்டைக்குத்தான். ஒரே அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழகி, மணந்துகொண்டவர்கள் நாங்கள். நான் சித்தூர்க்காரன், அவள் சத்தியவேடு. எதிலும் ஒத்துப்போக மாட்டோம்.

ஒருநாள் பிற்பகல் அலுவலகத்தில் ஒரு சர்வர் திணறியது. நினைவகத்தில் சேரும் தகவலை எப்போது டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் செட்டிங் ஒன்று உண்டு. தேவைக்கேற்ப நாமே மாற்றிக்கொள்ளலாம். அதன் விளக்கத்தை இயங்குதளத்தின் இணைய ஆவணங்களில் தேடினேன். எல்லா செட்டிங்குகளையும் அடுக்கியிருந்த பொதுப் பக்கத்தில் ஒரு மாதிரி இருந்தது. நினைவகத்துக்கான தனிப் பக்கத்தில் வேறு மாதிரி இருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணையே இன்னாத்துக்கு ரெண்டு எடத்துல எழுதிக்கினு கீறாங்க? ஒண்ணத் திருத்துனா இன்னொண்ண மறந்துடுவாங்க" என்றாள். அவளே மூல நிரலைத் திறந்து பார்த்து, தனிப் பக்கம் சொல்வதுதான் சரி என்றாள். அதன்படி மாற்றியதும் சர்வர் சீரானது.

அந்த இயங்குதளத்துக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். "நாமளே சரிபண்ணி அனுப்பலாமா?" என்று கேட்டேன். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

"பொதுப் பக்கத்துலயே முழுசா எழுதுவோம். அவசரத்துல தேடுறவன் அங்கதான் வருவான்" என்றேன்.

"அந்தப் பக்கம் இப்பவே எவ்ளோ நீளம் தெரியுமா? நினைவகத்தப் பத்தினது நினைவகப் பக்கத்துலதான் இருக்கணும். நிரல மாத்துறவன் கையோட இதையும் மாத்துவான்."

"அவனுக்காக எழுதல, என்னை மாதிரி ஆளுக்காக எழுதுறோம்."

"உன்ன மாதிரி ஆளு தேடிக்கினே இருப்பான்!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே பேச்சு. எனக்குச் சோறு ஆறிப்போகும், அவளுக்குக் காலைக் காபி ஆறிப்போகும். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்பவள், இதற்கு மட்டும் போனை வைக்கவே மாட்டாள்.

கடைசியில் இரண்டு யோசனைகளையும் எழுதி அனுப்பினோம். இயங்குதளத் திட்டத்தை நடத்துபவர்களிடமிருந்து பதில் வந்தது: விளக்கம் தனிப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும், பொதுப் பக்கத்தில் பெயரும், எங்கே பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியும் போதும்.

"பாத்தியா, நான் ஜெயிச்சேன்" என்றாள்.

"அந்த ஒரு வரி என்னோடது."

"சர்லே" என்று தெலுங்கில் விட்டுக்கொடுத்துச் சிரித்தாள். பிறகு ஆறிய காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இங்க வேலைய இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சிட்டாங்க. பொங்கலுக்கு வர முடியாது. நைனாகிட்ட நீயே சொல்லிடுறியா? எனக்கு வாய் வரல."

அடுத்த வாரம் பஸ் பிடித்து சத்தியவேடு போய் அவள் அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "தெனமும் பேசுறாளா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை பேசுவா, மாமா. ரொம்ப நேரம்."

"அது போதும்பா" என்றார். அவருக்குப் போதுமாக இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனில் அந்தப் பொதுப் பக்கத்தைத் திறந்து, விளக்கம் சரியில்லாத வேறு செட்டிங் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தேன்.