மாமனார் டிராக்டரின் மூன்றாவது வால்வு

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரருக்குக்கூட வீடு தெரியாது. ‘பித்தளை’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். முழ நீளப் பித்தளைக் கம்பி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற மெக்கானிக் அவர். இரும்பை இரும்பால் அடிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. எது இறுகிக் கிடந்தாலும் நடுவில் அந்தக் கம்பியை வைத்துத்தான் தட்டுவார். பெயரை வைத்தவர் அவருடைய சகலை, மனைவியின் அக்காள் கணவர். “தங்கம்னு சொல்லித்தான் எங்க மாமனார் புடிச்சாரு. கடைசியில பித்தளை இளிச்சிடுச்சு” என்று பட்டறையில் நாலு பேர் சிரிக்கச் சொன்னார். சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள், பெயர் நின்றுவிட்டது.

ஆனால் ஒரு பட்டப்பெயருக்காக யாரும் ஒன்பது வருஷம் கறுவிக்கொண்டிருக்க மாட்டார்கள். நடந்தது வேறு. அப்போது பித்தளை சகலையின் பட்டறையில்தான் வேலை பார்த்தார். அறுவடை நேரத்தில் ஒரு மீசைக்காரர் தன் டிராக்டரை நிறுத்திவிட்டு, வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினார். பித்தளை வால்வுகளைத் தேய்த்துத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வால்வுத் தண்டின் நுனியில் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துவதற்கு இரண்டு சின்னத் துண்டுகள் உண்டு. லாக்கு என்பார்கள், பல் அளவுதான் இருக்கும். மாட்டிய பிறகு தண்டின் தலையில் ஒரு தட்டு தட்டி, அவை நன்றாக உட்கார்ந்தனவா என்று பார்க்க வேண்டும். பித்தளை கை கழுவிவிட்டு வருவதற்குள் சகலையே லாக்கு போட்டு, தட்டியும் பார்க்காமல், வால்வுகள் உட்காரும் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கி இஞ்சின்மேல் வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் லாக்கு கழன்று, வால்வு உள்ளே விழுந்து, பிஸ்டன் தூள்தூளானது. மீசைக்காரர் கத்திக்கொண்டு வந்தபோது சகலை யோசிக்கவே இல்லை, கையை நீட்டிப் பித்தளையைக் காட்டினார். “சொந்தக்காரன்னு சேர்த்தேன். இவன் கை பட்டதெல்லாம் இப்படித்தான்!” பித்தளை வாயைத் திறந்தார். மீசைக்காரர் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் ஒருவரும் அவரை நம்பி இஞ்சினைப் பிரிக்கவிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தண்ணீர் பம்புகளைப் பழுது பார்த்தார். மருந்தடிக்கிற மெஷின் வந்தால் அன்றைக்குப் பெரிய வேலை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, சின்ன சரக்கு வண்டி ஒன்று கொட்டகை முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் மனைவியின் அக்கா. சாக்கில் சுற்றிய ஒரு பாரத்தை டிரைவரும் பித்தளையும் சேர்ந்து இறக்கினார்கள். பிரித்தால் டிராக்டர் ஹெட்டு. மாமனார் ஓட்டிய பழைய வண்டியுடையது. மூத்த மாப்பிள்ளை என்ற உரிமையில் சகலை அதை வாங்கிப்போய், புகைக்குழாயைக்கூட மூடாமல் ஆறு வருஷம் வெளியில் போட்டிருந்தார். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, ஆறு வால்வில் நாலு துருவோடு துருவாகப் பிடித்துக்கொண்டது.

“வர்ற ஞாயித்துக்கெழமை டிராக்டர்காரங்க சங்கத்துக் கொட்டகையைத் தெறக்கறாங்க தம்பி. மாமனார் வண்டியை நானே ரெடி பண்ணி முன்னாடி ஓட்டிட்டு வருவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டாரு. வால்வு வரமாட்டேங்குது. உங்ககிட்ட வர அவருக்கு மூஞ்சி இல்ல.”

“இதை எங்கிட்ட அனுப்பினது யாரு, அவரா, நீங்களா?”

“அவருதான். ஆனா நீங்க செஞ்சதா உங்க வாயால யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். எனக்காக ஒத்துக்கங்க தம்பி.”

பித்தளை ஒத்துக்கொண்டார். அக்கா போனதும் அடுப்படியிலிருந்து அவர் மனைவி வந்து நின்றாள். “ஏங்க, நல்ல நேரம் தானா தேடி வந்திருக்கு. அவரு மூஞ்சியில கரியைப் பூசுற மாதிரி எதையாச்சும் செஞ்சு அனுப்புங்க. அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

“பேசாம போ” என்றார் பித்தளை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஹெட்டை ஆராய்ந்தபோது சகலையின் கைவரிசை தெரிந்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது அவருக்கு வேதவாக்கு. இரும்புச் சுத்தியாலேயே சாத்தியிருந்தார். மூன்றாவது வால்வின் தண்டு நுனி நசுங்கி, காளான் மாதிரி விரிந்திருந்தது. தொழில்காரர்கள் இதைத் தண்டு பூத்துவிட்டது என்பார்கள். பூத்த தண்டை அப்படியே அடித்து இறக்கினால், அது வழுக்கிப் போகிற குழலான கைடு கிழிந்துவிடும். பிறகு ஹெட்டு குப்பைக்குத்தான்.

இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவிட்டார். மற்ற மூன்றையும் சூடு காட்டி, கைடின் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மெழுகை உள்ளே உருகி இறங்கவிட்டு, பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தார். மூன்றாவதை மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து மரக்கட்டையால் மேலே தட்டி, பூத்த நுனி கைடுக்கு வெளியே நன்றாகத் தலைநீட்டிய பிறகு, சுற்றிலும் அரத்தால் ராவினார். அரை நாள் போனது. நுனி பழையபடி உருண்டையானதும், ஒரே தட்டில் வால்வு வழுக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு டிராக்டர் வால்வு. அவருக்குக் கண் கலங்கியது. உடனே கோபம் வந்தது, இந்தச் சுகத்தைத்தானே அந்த ஆள் பிடுங்கிக்கொண்டான் என்று.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். மூன்றாவது வால்வுக்கு லாக்கு வைக்கும்போது கை நின்றது. ஒன்றை மட்டும் மயிரிழை தூக்கலாக விட்டார். கால் மணி நேரம் ஓடும். கூட்டம் கைதட்டி முடிக்கும்போது விழும். நினைக்கவே நாக்கில் இனித்தது. சாக்கைச் சுற்றி, கயிற்றையும் கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

பாதித் தம்ளரில் ஒன்று உறைத்தது. விழுந்தால் பிரித்துப் பார்ப்பார்கள். லாக்கு உட்காரவில்லை என்பார்கள். யார் போட்டது? பித்தளை. ஊர் மொத்தமும் தெரிந்துகொள்ளட்டும், தெரியாமலே போகட்டும், போட்டது பித்தளை. அந்த ஆள் சொன்ன பொய்யை உட்கார்ந்து உழைத்து உண்மையாக்கித் தருவதா? தம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்து கயிற்றை அறுத்தார். லாக்கை எடுத்துத் திரும்ப வைத்து, ஒன்றுக்கு ஐந்து முறை தட்டிப் பார்த்தார். சகலைமேல் இரக்கமெல்லாம் ஒரு பொட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மைதானத்தில் வண்டி ஒரே முடுக்கில் பிடித்துக்கொண்டது. சகலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினார். டிராக்டர்காரர்கள் இருபது பேர் சுற்றி நின்றார்கள், அந்த மீசைக்காரரும் ஒருவர். “எல்லாம் நானே பிரிச்சுச் செஞ்சது” என்றார் சகலை.

பித்தளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “நல்லா ஓடுது சகலை. மூணாவது வால்வு தண்டு பூத்துக் கெடந்துச்சாமே, எப்படி வெளியே எடுத்தீங்க?”

சகலைக்கு முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தார். “அதென்ன பிரமாதம்? மேலேருந்து சுத்தியால ரெண்டு போடு போட்டேன், கீழ வந்துடுச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மீசைக்காரர் சிரிக்கவில்லை. “பூத்த தண்டை மேலேருந்து அடிச்சா கைடு கிழிஞ்சு, இந்நேரம் வண்டி புகையா கக்கணுமே. இதை நீங்க செய்யல. யாரு செஞ்சது?”

அவர் பித்தளையைப் பார்த்தார். பித்தளை வாயைத் திறக்கவில்லை, கொடுத்த வாக்கு வாக்குதான்.

மீசைக்காரர் சகலை பக்கம் திரும்பினார். “செய்யாத வேலையைச் செஞ்சேங்கறீங்க. அப்ப செஞ்சதைச் செய்யலன்னும் சொல்லுவீங்க. அன்னைக்கு என் வண்டிக்கு லாக்கு போட்டது யாருங்க?”

சகலை கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நழுவப் பார்த்து மனைவி பக்கம் திரும்பினார். அக்கா அசையவில்லை. “சொல்லிடுங்க. வீட்டுல குடிச்சுட்டு எங்கிட்ட சொன்னதை இங்க சொல்லுங்க.”

சகலை தலையைக் குனிந்துகொண்டு, தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல் என்னவோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், “சரி விடுங்கப்பா, ஒரே குடும்பம்” என்று பித்தளையின் தோளைத் தொட்டார். விட்டுக்கொடுத்துவிடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

பித்தளை அந்தக் கையை எடுத்துவிட்டு டிராக்டரிடம் போனார். ஸ்டாப் கம்பியைப் பிடித்து இழுத்தார். இஞ்சின் இருமி, அடங்கி, மைதானம் முழுக்க நிசப்தமானது.

“சத்தத்துல கேக்கல. இப்பச் சொல்லுங்க சகலை.”